சோழிக் கணக்கும் நிரல் எழுத்தும்

1825ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் இரவு ஒரு சந்திர கிரகணம் நிகழ்ந்தது. புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் அந்தக் கிரகணத்தின் காலத்தைக் கணித்துக் காட்டினார். ஏட்டையும் எழுத்தாணியையும் அவர் நாடவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார்; நெஞ்சில் பதித்து வைத்திருந்த சொற்றொடர்களிலிருந்து எண்களை எடுத்தார்; கூட்டினார், கழித்தார், சோழிகளை இடம் மாற்றினார். முடிவில் கிரகணம் எப்போது பிடிக்கும், எப்போது நடுவெய்தும், எப்போது விடும் என்று சொன்னார். தற்காலக் கணிதத்தோடு ஒப்பிட்டால், தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழை.

இச்செய்தியைக் குறித்து வைத்தவர் ஜான் வாரன் என்பவர். பிரெஞ்சுக் குடியிற் பிறந்து ஆங்கிலப் படையில் அதிகாரியாயிருந்தவர். சென்னை வானாய்வுக் கூடத்திலும் சில ஆண்டுகள் பணியாற்றியவர். கோலார்ப் பகுதியில் பொன் கிடைப்பதை 1802-ல் நேரிற் சென்று ஆராய்ந்தவரும் இவரே. பிற்காலத்தில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அந்தப் பொன் சுரங்கங்களை நாடிச் சென்றதை எண்ணும்போது, வெளியூர்த் தமிழரின் வரலாற்றில் இவருக்கு ஒரு மூலையில் இடம் உண்டு எனலாம். 1825-ல் சென்னையில் அச்சான ‘கால சங்கலிதம்’ என்னும் தம் ஆங்கில நூலில், தென்னாட்டார் காலத்தைக் கணிக்கும் முறைகளை அவர் விரிவாக எழுதி வைத்தார். இருபதாம் நூற்றாண்டில் ஆட்டோ நாய்கபவர் என்னும் கணித வரலாற்று அறிஞர் அந்நூலைப் புரட்டியபோது, பாபிலோனியர் கையாண்டவற்றை ஒத்த எண் முறைகள் தமிழ்நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை உயிரோடிருந்ததைக் கண்டு வியந்து, 1952-ல் தமிழர் வானியல் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

கணிதர் நெஞ்சில் இருந்த சொற்றொடர்களுக்கு வாக்கியங்கள் என்று பெயர். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ஒரு வாக்கியத்தைச் சொன்னால், ஒரு குறிப்பிட்ட நாளில் சந்திரன் எங்கிருக்கும் என்பதற்கான எண்கள் அதிலிருந்து கிடைக்கும். சந்திரனுக்கு இத்தகைய வாக்கியங்கள் 248. பூமிக்கு மிக அண்மையான நிலையிலிருந்து புறப்பட்ட சந்திரன் ஒன்பது முறை அதே நிலைக்கு மீளுவதற்கு ஏறத்தாழ 248 நாள் ஆகும் என்பதே அந்த எண்ணின் காரணம். ஆகவே வாக்கியங்களை மனப்பாடம் செய்தவனுக்குக் கோணங்களின் கணிதம் வேண்டுவதில்லை. கூட்டலும் கழித்தலும் ஒழுங்கான வரிசையும் போதும். கடினமான கணக்கையெல்லாம் முன்னொரு காலத்து ஆசிரியர் செய்து முடித்து, வாக்கியங்களுக்குள் அடைத்து வைத்துவிட்டார்.

வாரன் தம் கணிதரைப் பற்றி ஒரு கருத்தும் சொல்கிறார். அம்மனிதருக்கு வானியற் கொள்கைகளில் ஒன்றும் தெரியாது; நினைவாற்றல் மட்டும் பெரிது; அதன் துணையால் செய்முறைகளை மனத்திலும் தரையிலும் பிசகாமல் அடுக்கிச் சென்றார் என்பது அதன் கருத்து. இதனை அப்படியே ஏற்க என் மனம் ஒப்பவில்லை. வேற்று மொழி பேசும் அதிகாரி ஒருவர் கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்லாதவரெல்லாம் ஒன்றும் அறியாதவர் ஆகிவிடுவரோ? எனினும் வாரன் கண்ட வேற்றுமை உண்மையானதே. கணக்கைச் செய்யும் திறம் ஒன்று. அக்கணக்கு ஏன் அவ்வாறு அமைந்தது என்று அறியும் திறம் வேறொன்று. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை.

இன்று இளைஞர் ‘கோடிங்’ என்று வழங்கும் நிரல் எழுத்தும் இந்தச் சோழிக் கணக்கைச் சேர்ந்ததே. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது, எந்த நிலையில் எந்த வழியிற் பிரிவது என்று ஐயத்துக்கு இடமின்றி வகுத்து வைப்பதே நிரல். அவ்வாறு வகுத்துத் தந்தால், பொருள் அறியாத ஒருவரும் செய்து முடிக்கலாம். உயிரில்லாத யந்திரமும் செய்து முடிக்கலாம். ஆனால் இப்போது அந்த வகுக்கும் வேலையையே யந்திரம் செய்யத் தொடங்கிவிட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், வேண்டியதை வாயாற் சொன்னால் நிரலை எழுதித் தரும் செயற்கை அறிவுக் கருவிகள் பெருகின. 2024 பிப்ரவரியில் துபாயில் நடந்த ஒரு மாநாட்டில், என்விடியா நிறுவனத்தின் தலைவர் ஜென்சன் ஹுவாங், இனிப் பிள்ளைகள் நிரல் எழுதக் கற்க வேண்டியதில்லை என்னும் பொருள்படப் பேசினார். செயற்கை அறிவுக்கு வேண்டிய சில்லுகளை விற்கும் வியாபாரி சொன்ன சொல் அது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். எனினும் பிள்ளையின் பொறியியல் படிப்புக்காகக் கடன் வாங்கிய தந்தையின் நெஞ்சில் அச்சொல் தைக்கத்தான் செய்தது.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர்க்கு இந்தக் கலக்கம் புதிதன்று. நம்மிற் பலருடைய பாட்டனாரும் தந்தையாரும் பள்ளியிறுதித் தேர்வை முடித்து, ஊரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயரும் ஹையரும் தேறி, பிட்மன் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு ரயிலேறியவர்கள். மாட்டுங்காவிலும் கரோல்பாக்கிலும் அவர்கள் குடியேறியதற்கு அந்தக் கைத்தொழிலே முதலாயிருந்தது. மேசைக் கணிப்பொறி வந்தது. அதிகாரிகள் தம் கடிதங்களைத் தாமே அடிக்கத் தொடங்கினர். சுருக்கெழுத்தாளர் என்ற உத்தியோகம் மெல்லத் தேய்ந்தது. அத்தொழிலில் இருந்த எல்லாரும் ஒரே வகையாக வீழ்ந்தனரா? இல்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதியவர் ஒரு வகை. அதிகாரி சொல்ல நினைத்தது எது என்று அறிந்து, இலக்கணப் பிழையையும் பொருட்பிழையையும் திருத்தி, எந்தக் கோப்பில் எந்தக் கடிதம் முரண்படுகிறது என்று எடுத்துச் சொன்னவர் மற்றொரு வகை. இரண்டாம் வகையினர் அலுவலக நிர்வாகிகளாகவும் செயலர்களாகவும் நிலைத்தனர். ஆனால் அவர்களும் முதலில் விரல் நோகத் தட்டெழுதித்தான் அந்த அறிவைப் பெற்றனர் என்பதை மறந்துவிடலாகாது. இக்கட்டுரையின் கேள்வி அங்கேதான் இருக்கிறது.

‘கம்ப்யூட்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லும் முதலில் ஒரு யந்திரத்தைக் குறித்ததன்று. கணக்கிடும் மனிதருக்கே அப்பெயர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் பீரங்கிக் குண்டு செல்லும் பாதையைக் கணக்கிடப் பல பெண்கள் அமர்த்தப்பட்டனர். அவ்வேலையை விரைவாகச் செய்வதற்கென்று பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் கட்டப்பட்டதே எனியாக் என்னும் மின்னணு யந்திரம். 1946 பிப்ரவரியில் அது பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. அந்த யந்திரத்துக்கு வேலையை வகுத்துக் கொடுத்தவர் யார்? கையாற் கணக்கிட்டு வந்த அதே பெண்களுள் அறுவர். யந்திரம் அவர்களுடைய தொழிலைப் பறித்தது; பறித்த கையோடு, அத்தொழிலை அறிந்தவர்கள் இல்லாமல் தான் இயங்க முடியாது என்பதையும் காட்டியது. கேத்தலீன் மெக்நல்டி, பெட்டி ஜீன் ஜென்னிங்ஸ் முதலிய அப்பெண்களின் பெயர்கள் பல பத்தாண்டுகள் கழித்தே உலகறிய வந்தன.

நிரலரின் வேலை ஒழிந்தது என்ற முதல் அறிவிப்பு 1954-லேயே வந்துவிட்டது. ஜான் பாக்கஸ் என்பவரின் தலைமையில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஒரு குழு ஃபார்ட்ரான் என்னும் மொழியை வகுத்துக்கொண்டிருந்தது. அதற்குமுன் யந்திரத்தின் ஒவ்வோர் அசைவுக்கும் தனித்தனியே ஒரு கட்டளை எழுதவேண்டும். ஃபார்ட்ரானிலோ கணிதச் சூத்திரத்தை ஏறத்தாழ அப்படியே எழுதலாம். கம்பைலர் என்னும் மொழிமாற்றி அதனை யந்திரக் கட்டளைகளாக மாற்றிக்கொள்ளும். நிரல் எழுதும் வேலையும் அதிற் பிழை தேடும் வேலையும் இதனால் பெரும்பாலும் ஒழிந்துவிடும் என்று அக்குழு தன் முன்னறிக்கையில் எழுதியது. 1957-ல் மொழி வெளிவந்தது. எழுத வேண்டிய கட்டளைகள் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகக் குறைந்தன என்பர். அக்காலத்து நிரலர்கள் தம்மை மறைபொருள் காக்கும் பூசாரிகளாகக் கருதியிருந்தனர் என்று பாக்கஸே பின்னாளில் எழுதினார். பூசாரிகள் புதிய மொழியை ஐயத்தோடு நோக்கினர். ஆயினும் சில ஆண்டுகளில் அதற்குள் நுழைந்தனர்.

வேலை ஒழிந்ததா என்றால், நிரலர் கூட்டம் பன்மடங்கு பெருகியது. இதன் காரணம் எளியது. ஒரு கணக்கை யந்திரத்துக்கு வகுத்துக் கொடுக்க ஆறு மாதம் ஆகுமானால், மிக இன்றியமையாத கணக்கை மட்டுமே அதனிடம் கொண்டு செல்வர். ஆறு நாளில் முடியுமானால், முன்பு யாரும் நினையாத கணக்கெல்லாம் வரிசையில் வந்து நிற்கும். சம்பளப் பட்டியல், காப்புறுதித் தவணை, ரயில் இருக்கை முதலியன எல்லாம் அவ்வாறு வந்தவையே. தில்லியில் 1985-ல் ரயில் முன்பதிவு கணிப்பொறிக்கு மாறியது. கோடை விடுமுறைக்கு ஊர் செல்ல இரவெல்லாம் வரிசையில் நின்றவர்களுக்கு அந்த மாற்றத்தின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் நிரல் எழுத்து ஒரு கல்வியாக வேரூன்றிய கதையில் வெளியூர்த் தமிழர் ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1963-ல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி வந்தது. எனியாக் யந்திரத்தில் வேலை செய்திருந்த ஹாரி ஹஸ்கி என்னும் அமெரிக்கப் பேராசிரியரும் வந்தார். அவ்வாண்டே அங்கு ஆசிரியராய்ச் சேர்ந்தவர் வே. ராஜாராமன். ஈரோட்டில் 1933-ல் பிறந்து, தில்லியில் மதராசி கல்விச் சங்கத்தின் பள்ளியில் 1949 வரை பயின்றவர். அந்தச் சங்கமே பின்னர் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என்ற பெயரைப் பெற்றது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த விஞ்ஞானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் கான்பூரில் பத்து நாள் வகுப்புகள் நடந்தன, பாடம் ஃபார்ட்ரான். பாக்கஸ் குழுவினர் நிரலரின் உழைப்பை ஒழிக்கச் செய்த அதே மொழி, இங்கே நிரலர்களை உண்டாக்கும் அரிச்சுவடியாயிற்று! 1965-ல் முதுகலைப் பொறியியலில் கணிப்பொறி அறிவியல் ஒரு பிரிவாகச் சேர்ந்தது. ராஜாராமன் எழுதிய நிரல் எழுத்துப் பாடநூல் 1969-ல் வெளிவந்து, தலைமுறை தலைமுறையாகக் கல்லூரி மாணவர் கையில் இருந்தது.

அக்காலத்து மாணவர் நிரலைத் துளையிட்ட அட்டைகளில் பதித்துக் கணிப்பொறி அறையிற் கொடுத்துவிட்டு வரவேண்டும். விடை பல மணி நேரம் கழித்தோ மறுநாளோ கிடைக்கும். ஓர் அட்டையில் ஒரு காற்புள்ளி பிழைத்திருந்தாலும் அவ்வளவு காத்திருப்பும் வீண். ஆதலால் அட்டைகளைக் கொடுக்கும் முன்னரே, காகிதத்தில் கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு வரியாகத் தாமே யந்திரம்போல் நடந்து பார்ப்பர். இந்த வரிக்குப் பின் இந்த எண் என்னவாகும், அடுத்த வரிக்குப் பின் என்னவாகும் என்று எழுதிச் செல்வர். புதுச்சேரிக் கணிதரின் சோழிகளுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? வசதிக் குறைவினால் வந்த பழக்கம் அது. வசதி பெருகியதும் போய்விட்டது. அதனோடு போனது எவ்வளவு என்பதை நாம் இன்னும் சரியாக அளக்கவில்லை.

கோபால் என்னும் மொழியையும் இங்கே சொல்லவேண்டும். பெயரைக் கேட்டு நம் ஊர்க் கோபாலன் என்று எண்ணவேண்டா; வணிகக் கணக்குக்கான பொதுமொழி என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்றொடரின் சுருக்கம் அது. 1959-ல் கூடிய ஒரு குழு, கிரேஸ் ஹாப்பர் அம்மையார் முன்னரே செய்திருந்த மொழியொன்றைப் பெரிதும் பின்பற்றி அதனை வகுத்தது. ஆங்கில வாக்கியம் போலவே எழுதலாம் என்பதால் நிர்வாகிகளே படித்து அறிந்துகொள்வர் என்று எதிர்பார்த்தனர். நிர்வாகிகள் படிக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, ஆண்டைக் குறிக்க இரண்டே இலக்கங்களை வைத்திருந்த பழைய நிரல்கள் 2000ஆம் ஆண்டில் தடுமாறும் என்ற அச்சம் எழுந்தபோது, கோடிக்கணக்கான வரிகளைத் திருத்தும் வேலை இந்திய இளைஞர்களிடம் வந்தது. நம்மவரிற் பலர் கடல் கடந்ததும் அப்போதுதான். 2020 ஏப்ரலில் பெருந்தொற்றின்போது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர், தம் அரசின் பழைய யந்திரங்களைப் பேணக் கோபால் அறிந்தவர்கள் முன்வரவேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். எழுதுவதற்கு ஆள் வேண்டா என்று பிறந்த மொழி, அறுபது ஆண்டுக்குப் பின் படிப்பதற்கு ஆள் தேடியது.

இந்த வரலாற்றை மட்டும் காட்டி, முன்பு நடந்தது போலவே இப்போதும் நடக்கும், அஞ்சவேண்டா என்று முடித்துவிடலாம். அது நேர்மையாகாது. இம்முறை இரண்டு வேற்றுமைகள் உள்ளன.

முதலாவது, கம்பைலர் வேறு, செயற்கை அறிவு வேறு. ஒரே நிரலை ஒரே கம்பைலரிடம் நூறு முறை கொடுத்தாலும் அதன் பொருள் மாறாது. ஃபார்ட்ரானில் எழுதியது இரு பொருள் படாது. செயற்கை அறிவிடம் நாம் கொடுப்பது பேச்சு மொழி. உலகில் மனிதர் எழுதிக் குவித்தவற்றைப் பயின்று, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்ற வழக்கத்தைக் கொண்டு அது விடையை அமைக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு: ஒரு தமிழ்ச் சங்கத்தின் செயலர், “60 வயதுக்கு மேற்பட்ட உறுப்பினர்க்குச் சந்தாவிற் பாதி” என்று கணக்கெழுத ஒரு நிரல் கேட்கிறார் என்று கொள்வோம். சரியாக 60 நிறைந்தவர் அதில் அடங்குவாரா? வயதை எந்தத் தேதியில் கணக்கிடுவது, சேர்ந்த நாளிலா, ஏப்ரல் முதல் தேதியிலா? பிறந்த தேதி தராதவரை என்ன செய்வது? யந்திரம் இவற்றுள் ஏதோ ஒன்றைத் தானே தேர்ந்துகொண்டு நிரலை எழுதிவிடும். சிலவேளை கேட்கும், சிலவேளை கேளாது. நிரலும் ஓடும், பட்டியலும் வரும். எந்த வரியில் அந்த முடிவு எடுக்கப்பட்டது என்று பார்க்கத் தெரிந்த ஒருவர் இல்லையெனில், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சண்டை வரும்போதுதான் அது தெரியவரும்.

இரண்டாவது வேற்றுமை இதனினும் கவலைக்குரியது. முன்பெல்லாம் இளையோர் சிறு வேலைகளைச் செய்து தொழில் பழகினர். அந்தச் சிறு வேலைகளையே இன்று யந்திரம் விரைந்து செய்கிறது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் மூவர் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வின்படி, 22 முதல் 25 வயதுக்குட்பட்ட மென்பொருள் எழுதுவோரின் வேலைகள், 2022 இறுதியில் இருந்த உச்சத்தினின்று 2025 ஜூலைக்குள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. அதே தொழிலில் மூத்தவர்களுக்கு அத்தகைய வீழ்ச்சி காணப்படவில்லை. அது அமெரிக்காவின் கணக்கு. காரணங்களும் பல இருக்கலாம். ஆயினும் ஏணியின் கீழ்ப்படிகள் முறிகின்றன என்ற அச்சத்தை அது வலுப்படுத்துகிறது. கீழ்ப்படியில் கால் வையாமல் மேற்படிக்கு எவர் எப்படி ஏறுவார்? இக்கேள்விக்குத் தெளிவான விடை எந்த நிறுவனமும் இதுவரை சொல்லியதாக எனக்குத் தெரியவில்லை.

மேற்படியில் இருப்பவர்களும் தம் மதிப்பீட்டில் ஏமாறுகிறார்கள். 2025-ல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், அனுபவம் மிக்க நிரலர் 16 பேர் தங்களுக்கு நன்கு பழகிய மென்பொருள்களில் 246 வேலைகளைச் செய்தனர். செயற்கை அறிவின் துணையோடு செய்தபோது 19 விழுக்காடு அதிக நேரம் ஆயிற்று. ஆனால் வேலை முடிந்தபின் கேட்டபோது, 20 விழுக்காடு நேரம் மிச்சமாயிற்று என்றே அவர்கள் நம்பினர். கருவிகள் மேம்பட மேம்பட இந்தக் கணக்கு மாறும். இதனை நிலையான தீர்ப்பாகக் கொள்ளவேண்டா. நினைவில் நிறுத்த வேண்டியது, நேரத்தைக் குறித்த நம்பிக்கைக்கும் கடிகாரத்துக்கும் இடையே இருந்த அந்த இடைவெளியை.

யந்திரம் சொன்னதை மறுத்துக் காட்டும் ஆற்றல் மக்களிடம் இல்லையானால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு கொடிய சான்று உண்டு. 1999 முதல் அந்நாட்டு அஞ்சல் துறை ‘ஹொரைசன்’ என்னும் கணக்கு மென்பொருளைத் தன் கிளைகளில் நிறுவியது. கிளைகளை நடத்தியவர் பெரும்பாலும் சிறு கடைக்காரர். அவருள் இந்திய வம்சாவளியினரும் பலர். மென்பொருள் அவர்களுடைய கணக்கில் பணம் குறைவதாகக் காட்டியது. பெட்டியில் பணம் சரியாகத்தான் இருக்கிறது என்று அவர்கள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. கணிப்பொறி பிழை செய்யாது என்பதே சட்டத்தின் ஊகமாகவும் இருந்தது. 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றனர். சிலர் சிறை சென்றனர். பலர் வீட்டையும் மானத்தையும் இழந்தனர். உயிரை மாய்த்துக்கொண்டவரும் உண்டு. 2019-ல் உயர் நீதிமன்றம் அந்த மென்பொருளில் பிழைகள் இருந்தமையை விளக்கித் தீர்ப்பளித்தது. 2024-ல் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றித் தண்டனைகளை மொத்தமாக நீக்கியது. இதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அந்த நிரலை எழுதியவர்கள் மனிதரே. இனி யந்திரம் எழுதிய நிரல்கள் நம் வங்கிக் கணக்கையும் ஓய்வூதியத்தையும் ஆளும்போது, அவற்றைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போவார்களாயின், கடைக்காரர் யாரிடம் முறையிடுவார்?

புதுச்சேரிக் கணிதரின் கதைக்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. வாக்கியங்கள் ஒரு காலத்தில் சரியாக இருந்தவை. ஆனால் அவை சந்திரனின் ஓட்டத்தில் உள்ள சில நுண்ணிய வேறுபாடுகளைக் கணக்கிற் கொள்ளவில்லை. வாக்கியத்தை மட்டும் அறிந்தவருக்கு, வானம் வேறு காட்டினாலும் திருத்த வழியில்லை. திருத்த முன்வந்தவர் சென்னை வானாய்வுக் கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1868-ல் முழுச் சூரிய கிரகணத்தையும் ஆராய்ந்தவர். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்து சென்றதைப் பற்றிப் பொதுமக்களுக்காக இந்திய மொழிகளிற் சிறுநூல் வெளியிட்டவர். பழைய முறையையும் அவர் அறிவார்; தொலைநோக்கியையும் அறிவார். வானத்தில் காண்பதோடு ஒத்துப்போகும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை அவர் வெளியிட்டார். எதிர்ப்பு இல்லாமலில்லை. இன்றும் நம் வீடுகளில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கங்கள் உண்டு. ஒரே திதி இரண்டிலும் வெவ்வேறு நேரத்தில் முடியும். சிராத்தம் எந்த நாள் என்று வெளியூரில் இருப்பவர் தொலைபேசியில் ஊருக்குக் கேட்பதும் உண்டு. வாக்கியத்தைப் பின்பற்றுவோரை நான் குறை கூறவில்லை. மரபுக்கு அதற்குரிய மதிப்பு உண்டு. ஆயினும் இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்று சொல்ல வல்லவர் ஊருக்கு ஒருவராவது வேண்டும். ரகுநாதாச்சாரியார் சோழிக் கணக்கின் வழியாகவே அந்த இடத்துக்கு வந்தார். அதைத் தாண்டிக் குதித்து வரவில்லை.

ஆகவே, நிரல் எழுதக் கற்கலாமா என்று கேட்கும் பெற்றோரிடம் நான் சொல்வது இது. ஆறு மாதத்தில் வேலை என்று விளம்பரம் செய்யும் வகுப்புக்குப் பெருந்தொகை கட்டவேண்டா. ஒரு மொழியின் சொற்களை உருப்போடுவது இனிச் சோறு போடாது. ஆனால் ஒரு மொழியையேனும், யந்திரத்தின் உதவியின்றி, கையால் எழுதிப் பிழைத்துத் திருத்திப் பழகும் காலம் ஒன்று பிள்ளையின் வாழ்வில் இருக்கட்டும். எளிய பயிற்சி ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தேதியைக் கொடுத்தால் அது என்ன கிழமை என்று சொல்லும் நிரல். முதலில் காகிதத்தில் கட்டம் போட்டுக் கையால் நடந்து பார்க்கட்டும். நான்கால் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு. நூறால் வகுபட்டால் அன்று. நானூறால் வகுபட்டால் மீண்டும் ஆம். இவ்விதியைத் தானே நிரலாக எழுதட்டும். பின்னர் அதே வேலையைச் செயற்கை அறிவிடம் கொடுத்து, அது எழுதியதை வரிவரியாகப் படிக்கட்டும். 1900, 2000, 2100 ஆகிய மூன்று ஆண்டுகளின் பிப்ரவரி மாதத்தை இரண்டு நிரல்களிலும் இட்டுப் பார்க்கட்டும்.

1900ஆம் ஆண்டு லீப் ஆண்டன்று. ஆயினும் 1980-களில் புகழ்பெற்றிருந்த லோட்டஸ் 1-2-3 என்னும் கணக்குத்தாள் மென்பொருள் அதனை லீப் ஆண்டாகவே கொண்டது. பின்னர் வந்த எக்செல், பழைய கணக்குத்தாள்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அந்தப் பிழையைத் தெரிந்தே வைத்துக்கொண்டது. அலுவலகத்தில் நீங்கள் நாள்தோறும் திறக்கும் அந்த எக்செலில் 1900 பிப்ரவரி 28 என்ற தேதியை இட்டு, அதனோடு ஒன்றைக் கூட்டச் சொல்லுங்கள். பிப்ரவரி 29 என்று விடை வரும்.